கேமராத் தேர்வுக் குழுவும் செம்மாண்டங்குளத்துக் கட்லாக்களும்

அன்னூருக்கு வடக்கே செம்மாண்டங்குளம் என்று ஒரு குளம். அதில் மீன் பிடிப்பவர் ஒரே ஒருவர். அவர் பெயர் சாமுவேல். அந்த ஒருவருடைய நலனைக் காப்பதற்காக ஒரு பேரவை இருக்கிறது. தலைவர், துணைத்தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், கௌரவ ஆலோசகர்கள் என்று ஒரு மினி பஸ் நிறையும் அளவுக்குப் பொறுப்பாளர்கள். முழுப் பெயர், செம்மாண்டங்குளம் மீன்பிடிப்போர் நலன் மற்றும் நீர்நிலைப் பண்பாட்டுப் பேரவை. பலகையின் நீளம் போதாமல் பண்பாடு மட்டும் இரண்டாவது பலகைக்குப் போய்விட்டது. குளம் அன்னூர்ப் பக்கம் இருந்தாலும் அலுவலகம் நகரத்துக்குள், பீளமேட்டில், தலைவர் ஈஸ்வரமூர்த்தியின் மோட்டார் பம்ப் கம்பெனி மாடியில் இருந்தது. குளத்தங்கரையில் ஏசி மாட்ட வசதியில்லை என்று முதல் கூட்டத்திலேயே கண்டுபிடித்திருந்தார்கள்.

குளத்தின் குத்தகை பேரவை பெயரில். மீன்குஞ்சு வாங்கி விடுவதும், தவிடும் பிண்ணாக்கும் போடுவதும், நீர்க்காகத்தையும் திருடனையும் விரட்டுவதும் சாமுவேலும் அவர் மனைவி மெர்சியும். சித்திரையில் தண்ணீர் வற்றுவதற்கு முன்னால் பேரவை அனுமதி கொடுக்கும். இருவரும் பரிசலில் போய் வலை விடுவார்கள். அந்த மீனை விற்று வருவதுதான் அடுத்த சித்திரைவரை அவர்களுக்குச் சாப்பாடு. அனுமதி இல்லாமல் வலை நனைந்தால் குளம் அவர்கள் கையைவிட்டுப் போய்விடும். இத்தனை காலமும் சாமுவேல் வந்து தலையைச் சொறிவார், தலைவர் ஆகட்டுங்க என்பார், காரியம் முடிந்துவிடும்.

இந்த வருஷம் மாசியில் தலைவர் பவானிப் பக்கம் இன்னொரு பேரவையின் ஆண்டு விழாவுக்குப் போனார். அங்கே தங்கள் குளத்து மீன்பிடிப்பைப் படமெடுத்துப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். தண்ணீருக்குள்ளிருந்து, தலைக்கு மேலிருந்து, மீன் துள்ளும்போது தெறிக்கும் துளிகூடத் தெரிகிற மாதிரி. கைதட்டல் ஓயவில்லையாம். தலைவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி வந்து அவசரக் கூட்டம் போட்டார்.

"அவங்க குளத்துல முழங்கால் மட்டத்துக்குத் தண்ணியில்லீங்க. படத்துல பாத்தா கடலாட்டம் இருக்குதுங்க. நம்ம குளம் எத்தன பெருசு? படமே இல்லாம இத்தன வருசமா மீன் புடிச்சிருக்கறமுங்க. யாருக்குத் தெரியும்? புடிச்சமா இல்லியான்னே எனக்குச் சந்தேகம் வந்துபோச்சுங்க."

தீர்மானம் நிறைவேறியது. இனிமேல் செம்மாண்டங்குளத்தில் எந்த மீன்பிடிப் பயணமும் படம் பிடிக்கப்படாமல் நடக்கக் கூடாது. முதலில் கேமரா, அப்புறம்தான் வலை. கேமராவையும் அதற்கு வேண்டிய துணைச் சாமான்களையும் தேர்ந்தெடுக்க ஒரு குழு.

சாமுவேல் வழக்கம்போல அனுமதி கேட்டு வந்தபோதுதான் அவருக்கு இது தெரிந்தது. குளத்தில் இறங்குவதற்கு மீன்பிடிப் பயணம் என்று பெயர் இருப்பதும் அன்றுதான் தெரிந்தது. தண்ணீர் வேகமாக வற்றுகிறது, மீன் காலையில் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்துவிட்டது என்று அவர் சொல்ல வந்திருந்தார். அதைச் சொல்லவில்லை. மெர்சியின் செல்போனைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்து வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார்.

செயலாளர் மதன்குமார் பீளமேட்டில் ஒரு ஐடி கம்பெனியில் டீம் லீடர். அவர் வலிக்காமல் விளக்கினார். செல்போனில் எடுப்பது வீடியோ. பேரவை கேட்பது ஆவணம். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. என்ன வித்தியாசம் என்று சாமுவேல் கேட்கவில்லை. மதன்குமாருக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும்.

முதல் தேர்வுக் கூட்டத்துக்குச் சாமுவேலையும் வரச்சொன்னார்கள். எல்லாச் சாமானையும் உடம்பில் மாட்டிக்கொள்ளப் போகிறவர் அவர்தானே. அவர் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் ஒரே குரலில் ஒக்காருங்க சாமுவேலு என்றார்கள். உட்கார நாற்காலி இல்லை. இருந்ததில் எல்லாம் அவர்களே உட்கார்ந்திருந்தார்கள். பரவாயில்லீங்க என்று சாமுவேல் நின்றார். அதற்குப் பிறகும் பேச்சுக்கு நடுவே யாராவது ஒருவர், ஏன் நிக்கறீங்க, ஒக்காருங்க என்று மனசாரச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

நம் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் உருகி உருகிப் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவரும் நம் பக்கத்துக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்ததில்லை. இங்கே ஒருவர் சொன்னதை இன்னொருவர் வேண்டாம் என்று சொல்வது, அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பதற்குச் சமம். அதனால் எந்த யோசனையும் தள்ளுபடி ஆகாது. எல்லாம் சேரும்.

மதன்குமார் புல்லட்டில் வால்பாறைக்குப் போகிறவர். கேமராவை ஹெல்மெட்டில் பொருத்தினால்தான் சரி என்றார். நல்ல யோசனைங்க என்றார்கள். சோமனூரில் தறி வைத்திருக்கும் துணைத்தலைவர், தன் மகன் சைக்கிள் ஓட்டும்போது மார்பில் பட்டை கட்டி மாட்டுகிறான், ஆட்டமே இல்லை என்றார். அதுவும் நல்ல யோசனை. இரண்டில் எது என்று கேட்டால் ஒருவர் முகம் வாடும். ஆகவே இரண்டும். கௌரவ ஆலோசகர் கோமளா, கல்லூரியில் காட்சிக் கலை நடத்தி ஓய்வு பெற்றவர். பார்ப்பவரின் கண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கேமரா இருக்க வேண்டும், அதற்குப் பல்லால் கடித்துப் பிடிக்கும் ஒரு சாதனம் வந்திருக்கிறது என்றார். அம்மிணி சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று தலைவர் மூன்றாவது கேமராவுக்கும் சம்மதித்தார். கேமரா தண்ணீரில் விழுந்தால் மிதக்க ஆரஞ்சு நிறக் கட்டை. வெயில் கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. காற்றுச் சத்தம் விழாமல் இருக்க மைக்குக்கு ஒரு முடிச் சட்டை; பார்ப்பதற்குப் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. நீளக் கோல், குட்டை முக்காலி, உபரி பேட்டரிகள், அவற்றைச் சுமக்க இடுப்புப் பை.

கோமளா மாதிரிக்கு ஒரு கடிசாதனம் கொண்டுவந்திருந்தார். சாமுவேல் அதை வாயில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் விரும்பினார்கள். கோமளாவே தன் கையால் வைத்தார். தாடை விரிந்து, உதடு இழுத்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டியது. அந்த நேரம் பார்த்துத் தலைவருக்கு ஜனநாயகம் ஞாபகம் வந்தது.

"நாமளே பேசிட்டிருக்கறமுங்க. பாவம், குளத்துல எறங்கறவரு அவரு. சாமுவேலு, உங்களுக்கு ஏதாச்சும் கொற இருந்தாச் சொல்லுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

சாமுவேல் சொன்னார். தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கிறது, பத்து நாள் தாங்குமா தெரியவில்லை, மீன் தவிக்கிறது, தயவுசெய்து கேமரா இல்லாமல் ஒரு தடவை வலைவிட விடுங்கள் என்று, வாயில் இருந்ததைக் கடித்துக்கொண்டே, சொல்ல முடிந்தவரைக்கும் சொன்னார். வந்த சத்தத்தைச் சபை மரியாதையாகக் கேட்டது. ரொம்ப சந்தோசமுங்க என்றார் தலைவர். மீனவப் பிரதிநிதி முழு ஒப்புதல் தெரிவித்ததாகக் குறிப்பு எழுதப்பட்டது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மெர்சி அடுப்பை அணைத்துவிட்டு அவரையே பார்த்தார். வாயில் இருந்ததை எடுத்துப்போட்டுச் சொல்லியிருக்கலாமல்லவா என்று கேட்டார். அந்த அம்மா தன் கையால் வைத்துவிட்டதை எப்படி எடுப்பது என்றார் சாமுவேல். மெர்சி அதை ஒப்புக்கொண்டு திரும்ப அடுப்பைப் பற்றவைத்தார். அவரும் இதே ஊரில் பிறந்தவர்தானே.

விடியக்காலையில் குளத்து மீனுக்கு மூச்சு முட்டும். கட்லாக்கள் மேலே வந்து வட்டவட்டமாக வாயைத் திறந்து காற்றைக் குடிக்கும். அந்த நேரத்தில் தண்ணீரை அடித்துக் கலக்கினால் கொஞ்சம் உயிர் பிடிக்கும். ஆகவே இருவரும் தினமும் இருட்டு பிரியும் முன்பே எழுந்து போய், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மூங்கில் கழியால் குளத்தை அடித்தார்கள். எவ்வளவு பெரிய குளம், எவ்வளவு சின்னக் கழி. வெயில் ஏறும்வரை அடித்துவிட்டுக் கரையேறும்போது இருவருக்கும் தோள் தூக்க வராது. மெர்சி கரையில் உட்கார்ந்து, ஆண்டவரே என்பார். அந்த வழியாகப் போகும் பால்வண்டிக்காரர் இவர்களுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போவார்.

குழு இதற்குள் காந்திபுரத்துக் கேமராக் கடைக்குப் போயிருந்தது. மலையேறுவதற்கா, அலைச்சறுக்குக்கா, வானத்திலிருந்து குதிப்பதற்கா என்று கடைப்பையன் கேட்டானாம். மீன்பிடிப் பயணத்துக்கு என்றதும் அவன் ஒரு படம் போட்டுக் காட்டினான். ஒரு வெள்ளைக்காரர் படகில் நின்று தன் தொடையளவு மீனைப் பிடிக்கிறார். அதைக் கேமராவுக்குக் காட்டுகிறார். அதன் மூக்கில் ஒரு முத்தம் கொடுக்கிறார். பிறகு தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார். தலைவர் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் அவர் பேசும்போது குரல் தழுதழுத்தது.

"எனக்கு மீனு வாசமே ஆகாதுங்க. எங்கூட்டுல சட்டியில ஏத்துனதே கெடையாது. ஆனா அந்தப் படத்தப் பாத்தப்பறம், அட, இதும் நம்மளாட்டம் ஒரு உசுருதானுங்களேன்னு பட்டுச்சுங்க. புடிக்கோணும், கேமராவுக்குக் காட்டோணும், முத்தங் குடுத்து உட்டுப்போடோணும். நம்ம பேரவைப் பேர்ல பண்பாடுன்னு சும்மாவா போட்டுருக்கறம்?"

எல்லாரும் கைதட்டினார்கள். சாமுவேல் நின்ற இடத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார். அப்பறம் எங்களுக்குங்க என்று மட்டும் கேட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை. ஆனால் தலைவர் காது கூர்மை.

"உங்களுக்குத்தானுங்க இந்தப் படமே."

எந்தக் கம்பெனி கேமரா என்பதில்தான் அடுத்த நாட்கள் போயின. ஒன்றில் நிறம் நன்றாக இருந்தது. ஒன்றில் ஆட்டம் இல்லை. ஒன்றில் பேட்டரி நின்றது. பரிசோதிக்காமல் முடிவெடுப்பது பொறுப்பில்லாத வேலை என்று மதன்குமார் சொன்னார். ஜிம்மில் ஓடும் பட்டையில் வைத்துச் சோதித்தார்கள். அவினாசி ரோட்டு நெரிசலில் ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். நீருக்கடியில் எப்படி வருகிறது என்று பார்க்கக் குளம்வரை போவது தூரம். கீழே கம்பெனியிலேயே பம்புகளை ஓட்டிப்பார்க்கும் தொட்டி இருந்தது. அதில் இறக்கினார்கள்.

அன்று சாமுவேல் தொட்டியருகே நின்றார். பம்பு தண்ணீரை மொண்டு மேலிருந்து கொட்டியது. வெள்ளை நுரையாக, நொறுங்கி, சிதறி, காற்றையெல்லாம் தனக்குள் இழுத்துக்கொண்டு அந்தத் தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடியது. அதில் ஒரு மீன் இல்லை. சாமுவேல் குனிந்து அந்த நுரையில் கைவைத்துப் பார்த்தார். இதில் ஒரே ஒரு பம்பு, ராத்திரிக்கு மட்டும், குளத்துத் தண்ணீரை எடுத்துக் குளத்திலேயே கொட்டினால் போதும். மழை வரும்வரை கட்லா பிழைத்துக்கொள்ளும். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய துணிச்சல் அன்றுதான். தலைவரிடம் போய்க் கேட்டேவிட்டார்.

"ஏனுங்க, ஒரு மோட்டாரு மட்டுங் குடுத்தீங்கன்னா, மழ வந்தொடனே கழுவித் தொடச்சுக் கொண்டாந்து போடறனுங்க. மீனுக்கு மூச்சு இல்லீங்க."

தலைவர் அவர் தோளில் கை வைத்தார். ரொம்பவும் அருமையான யோசனை என்றார். இப்படி யோசனை சொல்கிற மீனவர் எந்தப் பேரவையில் இருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம், அதற்கும் ஒரு குழு போட்டுவிடலாம் என்றார். நம் பக்கத்தில் முடியாது என்ற சொல்லை யாரும் உபயோகிப்பதில்லை. பார்க்கலாமுங்க என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். கேட்டவர் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். சாமுவேல் கும்பிட்டுவிட்டு வந்தார்.

ஊருக்குப் பேருந்தில் வரும்போது அவர் அழுதார். பக்கத்தில் இருந்தவர் வயிற்று வலியா என்று விசாரித்தார். ஆமாங்க என்றார்.

கடைசியில் மூன்று கேமராவும் மூன்று வெவ்வேறு கம்பெனியில் வாங்குவதென்று முடிவாயிற்று. யார் மனமும் நோகவில்லை. பெட்டிகள் வந்து இறங்கிய அன்று முகூர்த்தம் சரியில்லை. நல்ல நாள் பார்த்து, அலுவலகத்திலேயே பூஜை வைத்தார்கள். வாழையிலை, தேங்காய், எலுமிச்சம்பழம், பொரி. நம் பக்கத்தில் லேத் மெஷினோ, தறியோ, டிராக்டரோ, புதிதாய் எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் ஓட்டமாட்டோம். தலைவரின் சம்சாரம் குளித்துப் பட்டுடுத்தி வந்து ஒவ்வொரு கேமராவுக்கும் பொட்டு வைத்தார். பொட்டு நெற்றியில் வைப்பது. உடம்பில் மாட்டும் இந்தக் குட்டி ஆக்‌ஷன் கேமராவுக்கு முகமென்று இருப்பது ஒரே இடம்தான். அந்த வட்டக் கண்ணாடியின் நடுவில், தாராளமாகச் சந்தனம் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மதன்குமார் பார்த்தார். கோமளா பார்த்தார். காட்சிக் கலை நடத்தியவர், வாயைத் திறந்து மூடிக்கொண்டார். பெரிய வீட்டு அம்மா கையால் வைத்த பொட்டை யார் துடைப்பது? அதுவும் மங்கல காரியத்தில்?

படம் எடுக்கக் குறித்த நாளுக்கு முந்தின நாள் முழுக்க மேகம் கவிந்து புழுங்கியது. மழை வரவில்லை. அந்த மாதிரி நாளுக்கு அடுத்த விடியல் குளத்துக்கு ஆகாது. சாமுவேலும் மெர்சியும் இருட்டிலேயே போய்க் கழியால் அடித்தார்கள். கழி தண்ணீரில் படாமல் மீன்மேல் பட்டது. வெளிச்சம் வந்தபோது குளம் முழுக்க வெள்ளை வயிறு. கட்லா, ரோகு, மிரிகால், ஒரு வருஷம் கையால் தீவனம் போட்டு வளர்த்தது எல்லாம். மெர்சி கழியை விட்டுவிட்டார். சாமுவேல் மட்டும், நிறுத்தத் தெரியாதவர் மாதிரி, இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்.

மதன்குமார் காரில் வந்து இறங்கியபோது நல்ல வெயில். பேரவையின் மற்றவர்கள் வரவில்லை. எப்படியும் படத்தில் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மதன்குமார் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு குளத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இத்தன மீனுங்களா? எல்லாம் மேலயே இருக்குது. ஷாட்டு எடுக்க ரொம்ப வசதிங்க."

சாமுவேலுக்கு ஹெல்மெட்டை மாட்டினார். மார்பில் பட்டையைக் கட்டினார். வாயில் கடிசாதனத்தை வைத்தார். இடுப்பில் பை, தோளில் கோல், சட்டையில் முடி மைக். பொட்டு அழியாமல் பார்த்துப் பார்த்துச் செய்தார். எல்லாப் பொத்தானையும் அமுக்கிவிட்டு, நாற்றம் தாங்காமல் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். சாமுவேல் பரிசலில் ஏறினார். மெர்சி துடுப்புப் போட்டார். கரையிலிருந்து பார்க்க, பரிசல் செத்த மீன்களை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகப் போய், நடுக்குளத்தில் வெகுநேரம் நின்றது. வலை விழவில்லை.

அன்று சாயங்காலம் பொழுதோட பீளமேட்டில் திரையிடல். இனிப்பும் காரமும் வந்திருந்தன. விருந்தினர்கள் வந்திருந்தார்கள். பவானிப் பேரவைத் தலைவரையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். சாமுவேலும் மெர்சியும் கதவோரம் நின்றார்கள். மெர்சி கையில் ஈரச் சாக்குப் பை ஒன்று இருந்தது. எல்லாரும் அவர்களை உட்காரச் சொன்னார்கள்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் சந்தனம் வந்தது. நடுவில் குங்குமம். ஓரத்தில் மட்டும் நகம் அளவு வெளிச்சம். முதல் கேமராவில் அதுதான், இரண்டாவதிலும் அதுதான், மூன்றாவதிலும் அதுதான். தலைவர், ஆரம்பத்தில் மங்கலமாக இருக்கட்டும் என்று வைத்திருப்பார்கள்போல என்று விருந்தாளியிடம் சொன்னார். படம் மாறவில்லை. ஆனால் சத்தம் வந்தது. துடுப்புத் தண்ணீரில் படும் சத்தம். பரிசலில் மீன் உரசும் சத்தம். எதையோ வாயிலிருந்து துப்பும் சத்தம். அப்புறம் சாமுவேல் குரல்.

"மெர்சி, இது நம்மகிட்டயே சுத்துமே, வாலுல வெட்டுப்பட்ட கட்லா, இதும் போச்சு. நான் சொல்லலயே. அத்தன தடவ அங்க போயி நின்னு, மீனு சாகுதுன்னு ஒரு வார்த்த சத்தம்போட்டுச் சொல்லலயே. சரிங்க சரிங்கன்னு வந்தனே. நான் என்ன மனுசன்."

பிறகு அவர் அழுதது கேட்டது. அந்த மைக் அவ்வளவு நல்ல மைக். மூச்சு இழுபடுவதும், மூக்குச் சிந்துவதும், நடுவில் ஆண்டவரே என்று மெர்சி சொல்வதும், ஒரு பறவை கத்துவதும் துல்லியமாகக் கேட்டன. சபை இருட்டில் சந்தனத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்புறம் மெர்சியின் குரல், மைக்குக்குக் கிட்டத்தில்.

"ஏனுங்க தலைவருங்களே, கேக்குதுங்களா? மீனுக்கு முத்தங் குடுக்கச் சொன்னீங்களாமா. எல்லாம் வந்து மேலயே கெடக்குதுங்க. வாங்க. வந்து குடுங்க."

விளக்கைப் போட்டார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கோமளா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒலிப்பதிவு உலகத்தரம் என்றார். உடனே எல்லாருக்கும் உயிர் வந்தது. ஆமாங்க, துளி காற்றுச் சத்தம் இல்லீங்க என்றார் மதன்குமார். அந்த முடிச் சட்டை தன் யோசனை என்று துணைத்தலைவர் ஞாபகப்படுத்தினார். தலைவர் எழுந்து, ஒலி வந்துவிட்டது, காட்சிதான் வரவில்லை, காட்சி இல்லாததால் இதைப் பயணமாக எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை, ஆகவே சாமுவேல் சிரமம் பார்க்காமல் நாளை இன்னொரு தடவை போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மீன் போதாவிட்டால் உக்கடம் மீன் மார்க்கெட்டில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

மெர்சி நடந்து போய் மேசைமேல் சாக்கை அவிழ்த்தார். இனிப்புத் தட்டுகளுக்கு நடுவில் கட்லா கிடந்தது. கண் வெளுத்து, செவுள் கறுத்து, வயிறு ஊதியிருந்தது. ஒரு கைக்குழந்தை அளவு இருக்கும்.

"படந்தான் தெரியலீன்னீங்களே. நேரா பாருங்க."

பவானிப் பேரவைத் தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். ஈஸ்வரமூர்த்தி மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் அவர் நிர்வாகி. கண் மீனிலிருந்து கேமராவுக்குப் போயிற்று, கேமராவிலிருந்து மதன்குமாருக்குப் போயிற்று. மதன்குமாருக்கு விஷயம் புரிந்தது. முதல் தடவையாகச் சட்டை நுனியால் ஒரு கேமராவின் கண்ணாடியைத் துடைத்தார். குட்டை முக்காலியை விரித்து மேசை ஓரத்தில் வைத்தார். பொத்தானை அமுக்கியதும் திரையில் கட்லா வந்தது. ஒவ்வொரு செதிலும் தெரிந்தது. அருமையான நிறம். பின்வரிசையில் யாரோ தன்னையறியாமல் கைதட்டிவிட்டு நிறுத்தினார்கள். மீனுக்குப் பின்னால் சாமுவேலின் சட்டையும், சட்டையைப் பிடித்திருந்த அவர் கையும் திரையில் தெரிந்தன. மதன்குமார் நிமிர்ந்தார்.

"சாமுவேலு, தப்பா நெனச்சுக்காதீங்க. சித்தெ அக்கட்டால நில்லுங்க. ஃப்ரேமுக்குள்ள வர்றீங்க."

சாமுவேல் சரிங்க என்று சொல்லித் தள்ளி நின்றார்.

மெர்சி நகரவில்லை. மீனுக்குப் பின்னால் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேமராவைப் பார்த்து நின்றார். ஒரு பெண்பிள்ளையை விலகிப் போகச் சொல்வது நம் பக்கத்தில் மரியாதை இல்லை. தொட்டு நகர்த்துவது அதைவிட இல்லை. அவராகப் போகட்டும் என்று எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, அன்பாகச் சிரித்தபடி காத்திருந்தார்கள். திரையில் மெர்சியின் முகம் ஆள் உயரத்துக்கு இருந்தது. மதன்குமார் முதல் பேட்டரி தீர்ந்ததும் இரண்டாவதைப் போட்டார்.